வீடு திரும்பும் வழி: புறப்படும் முன்பே முடிவு செய்வோம்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் சென்னை நாளேடுகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. புத்தாண்டு இரவில் நகரெங்கும் வாகனச் சோதனை நடைபெறும், மேம்பாலங்கள் மூடப்படும், மெரினா காமராசர் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, மது அருந்தி வண்டி ஓட்டினால் வழக்குப் பாயும் என்று காவல்துறை அறிவிக்கிறது. ஜனவரி முதல் நாள் மாலையில் அடுத்த செய்தி வந்து சேர்கிறது. இத்தனை பேர் மீது வழக்கு, இத்தனை வண்டிகள் பறிமுதல், இத்தனை பேர் மருத்துவமனையில் என்று பட்டியல் நீள்கிறது. எண்ணிக்கை கூடுகிறது, குறைகிறது. செய்தி மட்டும் ஆண்டுதோறும் வருகிறது.

அதே இரவில் நமது ஆலயங்களில் நன்றி வழிபாடும் நள்ளிரவுத் திருப்பலியும் நடைபெறுகின்றன. சாந்தோம் பேராலயத்திலிருந்தும், பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்திலிருந்தும், கோடம்பாக்கம் பாத்திமா அன்னை ஆலயத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வீடு திரும்பும்போது நள்ளிரவு கடந்துவிடுகிறது. தந்தை வண்டி ஓட்ட, தாய் பின்னால் அமர, நடுவில் தூங்கி விழும் குழந்தை. அவர்கள் திரும்பும் அதே சாலையில்தான் போதையில் தள்ளாடும் வண்டிகளும் வருகின்றன. ஆகவே இது காவல்துறைக்கும் குடிப்பவருக்கும் இடையே உள்ள விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்க இயலாது.

மது அருந்தியவர் வண்டியை ஓட்டக் கூடாது என்பதை ஏற்காதவர் எவரும் இல்லை. ஆயினும் அடுத்த சனிக்கிழமை இரவும் அதே தவறு நடக்கிறது. ஏன்? அந்த முடிவை நாம் தவறான நேரத்திற்குத் தள்ளிவைக்கிறோம் என்பதே நமது எண்ணம். வீடு திரும்பும் வழியைத் தெளிந்த மனத்தோடு, புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். குடித்தவர் மட்டுமல்ல, அவரை விருந்துக்கு அழைத்தவரும், உடன் செல்பவரும், அவரைத் தம் உறுப்பினராகக் கொண்ட பங்குச் சமூகமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இதைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

இரவு பத்து மணி, வடபழனி

வடபழனியை எடுத்துக்கொள்வோம். நூறடிச் சாலையும் ஆற்காடு சாலையும் சந்திக்கும் இடம் அது. முருகன் கோவில், பேருந்துப் பணிமனை, படப்பிடிப்புத் தளங்கள், திரையரங்குகள், வணிக வளாகம், மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள், மதுக்கூடங்களோடு கூடிய ஓட்டல்கள் என எல்லாம் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம், கே.கே. நகர், அசோக் நகர், கோடம்பாக்கம் ஆகிய பகுதிகளின் மக்கள் வேலைக்கும் விருந்துக்கும் விழாவுக்கும் இங்கே வந்து போகிறார்கள்.

2016ஆம் ஆண்டு மே மாதம் முதல் டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடப்படுகின்றன. பகல் நேர விற்பனை இரண்டு மணி நேரம் குறைந்தது நல்லதே. ஆனால் இரவு பத்து மணிக்கு நகரெங்கும் கடையையும் அதனோடு சேர்ந்த பாரையும் மூடும்போது, உள்ளே இருந்தவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருகிறார்கள். ஓட்டல் மதுக்கூடங்களில் இருப்பவர்கள் இன்னும் பின்னிரவில் வெளியே வருகிறார்கள்.

அவர்களுக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. 2015 ஜூன் 29 அன்று சென்னையின் முதல் மெட்ரோ ரயில் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியபோதே வடபழனிக்கு நிலையம் கிடைத்துவிட்டது. இன்று அங்கிருந்து ஒரு பக்கம் கோயம்பேடு, அண்ணா நகர், எழும்பூர், சென்ட்ரல் வரையிலும், மறுபக்கம் அசோக் நகர், ஆலந்தூர், பரங்கிமலை வரையிலும் மெட்ரோவிலேயே செல்லலாம். இரவு 11 மணிக்கு முனையங்களிலிருந்து கடைசி ரயில் புறப்படுகிறது. பேருந்துப் பணிமனை இருக்கிறது. தெருமுனையில் ஆட்டோ நிற்கிறது. கைப்பேசியில் அழைத்தால் வாடகைக் காரும் பைக் டாக்சியும் வருகின்றன. கார் வைத்திருப்பவர்களுக்கு நாம் ‘ஆக்டிங் டிரைவர்’ என்று அழைக்கும் தற்காலிக ஓட்டுநர்களும் கிடைக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் ஒருவர் தம் இருசக்கர வண்டியையே எடுப்பதற்குக் காரணம், அந்த வண்டி அவரோடு வந்திருக்கிறது என்பதுதான். அதை இரவு முழுவதும் தெருவில் விட்டால் திருட்டுப் போகலாம். நிறுத்தக் கூடாத இடமென்றால் போலீசார் இழுத்துச் செல்லலாம். காலையில் வேலைக்குப் போக அதே வண்டி வேண்டும். வாங்கிய கடனுக்கு இன்னும் தவணை முடிந்திருக்காது. வண்டியோடு வந்தவர் வண்டியோடுதான் திரும்ப நினைப்பார். ஆகவே மாலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் சாவியைக் கையில் எடுக்கும்போதே இரவு பத்து மணிக்கான முடிவும் எடுக்கப்பட்டுவிடுகிறது. வேறு வழியில் திரும்ப வேண்டுமென்றால் வேறு வழியில் புறப்பட வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185, நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. தொடக்கத்தில் இதற்கான அபராதம் 2,000 ரூபாய் வரை இருந்தது. 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி முதல் குற்றத்திற்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்றும், மீண்டும் செய்தால் 15,000 ரூபாய் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்றும் உயர்த்தியது. தமிழ்நாட்டில் இந்த உயர்ந்த அபராதம் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

அதே அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வெளியிட்ட மற்றோர் அறிவிப்பு பலரைத் திடுக்கிடச் செய்தது. ஓட்டுபவர் மது அருந்தியிருந்தால், உடன் பயணிப்பவர் மீதும், அவர் குடிக்காதவராகவே இருந்தாலும், வழக்குத் தொடரப்படும் என்பதே அது. அதற்கு அடிப்படை, குற்றத்திற்குத் துணை நிற்பவரும் குற்றவாளியே எனக் கூறும் பிரிவு 188. நெடுங்காலமாகச் சட்டப் புத்தகத்தில் இருந்து, அதிகம் பயன்படாமல் கிடந்த பிரிவு அது. குடித்தவனுக்குத் தண்டனை கொடுங்கள், கூட வந்தவர் என்ன செய்தார் என்று அப்போது பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு வருவோம்.

இன்னொரு வழக்கையும் நினைவுகூர்வது நல்லது. 2006 நவம்பர் 12 அதிகாலையில் மும்பை பாந்திராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தனர். காரை ஓட்டிய இளைஞர் மது அருந்தியிருந்தார். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு உயர் நீதிமன்றம் விதித்திருந்த மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை உறுதி செய்தது. இது வெறும் கவனக்குறைவு அல்ல, மரணம் நேரலாம் என்று அறிந்தே செய்த செயல் என்பதே தீர்ப்பின் சாரம். ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

சென்னையும் இத்தகைய துயரங்களை அறியும். 2016 ஜூலையில் தரமணியில் சாலையைக் கடந்த தொழிலாளி ஒருவர் மீது கார் மோதி அவர் உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கதீட்ரல் சாலையில், வரிசையாக நின்றிருந்த ஆட்டோக்கள் மீது விலையுயர்ந்த கார் ஒன்று பின்னிரவில் மோதி ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மாண்டார். இரண்டிலும் காரை ஓட்டியவர் மது அருந்தியிருந்ததாகக் காவல்துறை கூறியது. உயிரிழந்த இருவரும் உழைத்துப் பிழைத்த எளியவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

உடல் சொல்வது என்ன?

‘ஒரு குவார்ட்டர்தானே, நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லிலிட்டர். அதில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். எடையில் சொன்னால் ஏறத்தாழ 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதை விரைவாகக் குடித்து முடித்தால், அவருடைய இரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 130 மில்லிகிராம் ஆல்கஹால் சேரும். சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

அது எப்போது இறங்கும்? நமது கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராம் அளவையே குறைக்கிறது. கருப்புக் காப்பியோ, மோரோ, எலுமிச்சைச் சாறோ, தலையில் ஊற்றும் தண்ணீரோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்தவர் அதிகாலை நான்கு மணிக்கும் சட்ட வரம்புக்கு மேலேதான் இருப்பார். கூடுதலாகக் குடித்தவர் என்றால், ஞாயிறு காலை முதல் திருப்பலிக்குப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படும்போதும் அவர் உடலில் போதை தீர்ந்திருக்காது. தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பது பலரை ஏமாற்றிய நம்பிக்கை.

இதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. மது முதலில் கால்களைத் தாக்குவதில்லை. எடைபோட்டு முடிவெடுக்கும் திறனைத்தான் முதலில் தாக்குகிறது. நடை தள்ளாடுவதற்கு நெடுநேரம் முன்பே ‘என்னால் முடியும்’ என்ற பொய்யான துணிவு வந்துவிடுகிறது. ஆகவே குடித்தவரிடம் ‘வண்டி ஓட்ட முடியுமா?’ என்று கேட்பது, பழுதான தராசைக் கொண்டே அதன் பழுதைச் சோதிப்பது போன்றது. அவர் தரும் பதில் எதற்கும் பயன்படாது. பதிலை அவர் தெளிவாக இருந்தபோதே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவற்றுள் போதையால் நேர்ந்தவை எனப் பதிவானவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இதைக் கண்டு ஆறுதல் அடைய வேண்டாம். பெரும்பாலான விபத்துகள் அதிவேகம் என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதப்படுகின்றன. விபத்தில் சிக்கும் ஒவ்வொருவருக்கும் இரத்தப் பரிசோதனை நடப்பதும் இல்லை.

திருச்சபையின் போதனை

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. ஐந்தாம் கட்டளையான ‘கொலை செய்யாதே’ என்பதை விளக்கும் பகுதியில், 2290ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்தை விளைவிப்போர் கனமான குற்றத்திற்கு ஆளாகிறார்கள் என்று போதிக்கிறது. யாருக்கும் அடிபடாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டாலும் குற்றம் குற்றமே. ஏனெனில் ஆபத்தை விளைவித்ததே பாவம். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு முன் ஆன்மசோதனை செய்யும்போது நம்மில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்க்கிறோம்?

2007 ஜூன் 19 அன்று, குடிபெயர்ந்தோர் மற்றும் பயணிகளின் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை, சாலை மேய்ப்புப்பணி பற்றிய வழிகாட்டு ஏடு ஒன்றை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற ‘ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள்’ அந்நாளில் உலகச் செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்டன. சிலர் அதை வேடிக்கையாகவும் எழுதினர். ஆனால் அவற்றுள் ஆறாவது கட்டளை நமது பொருளுக்கு நேராக வருகிறது. தகுந்த நிலையில் இல்லாதபோது வண்டி ஓட்ட வேண்டாம் என்று இளையோரையும் மூத்தோரையும் அன்போடு இணங்கச் செய்யுங்கள் என்கிறது அது. இந்தக் கட்டளை குடித்தவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் அருகில் நிற்பவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் போதனையின் வேர் விவிலியத்திலேயே உள்ளது. புது வீடு கட்டுபவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுந்து மடிபவரின் இரத்தப் பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்ட நூல் கூறுகிறது (இச 22:8). கைப்பிடிச் சுவரை யாரும் விழுந்த பிறகு கட்டுவதில்லை. எவரும் விழாதிருக்கும்போதே, இறைவன்மீதுள்ள அச்சத்தாலும் பிறர்மீதுள்ள அக்கறையாலும் கட்டப்படுவது அது. முட்டும் பழக்கமுள்ள மாடு என்று அறிந்தும், எச்சரிக்கப்பட்டும், அதைக் கட்டி வைக்காத உரிமையாளரே அது விளைவிக்கும் சாவுக்குப் பொறுப்பு என்கிறது விடுதலைப் பயண நூல் (விப 21:29). மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையே. ஆபத்தை அறிந்தவர் முன்கூட்டியே தடுக்கக் கடமைப்பட்டவர்.

‘பாதுகாப்பாகக் குடி’ என்று சொல்கிறோமா?

இந்த இடத்தில் சிலர் மறுப்புத் தெரிவிக்கலாம். திருச்சபை மதுவிலக்கைப் பற்றிப் பேசாமல், குடித்தவர் வீடு திரும்பும் வழியைப் பற்றிப் பேசுவது குடிக்கு அனுமதிச் சீட்டு வழங்குவது போல் ஆகாதா? இதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மதுவிலக்கின் வரலாறு நம் மாநிலத்தில் நீண்டது. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கி வைத்தார். 1971இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் வந்தது, 1981இல் மீண்டும் போனது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே டாஸ்மாக் வழியாக ஏற்றது. 2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின்மேல் ஏறிப் போராடியபோது உயிர்நீத்தார். 2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வாகன ஓட்டிகளின் உயிரைக் கருதிய தீர்ப்பு. ஆனால் நகராட்சி எல்லைகளுக்குள் அது பொருந்தாது என்று 2017 ஜூலையில் விளக்கம் வந்தபோது வடபழனி போன்ற இடங்களுக்கு அதனால் காப்பு இல்லாமல் போனது. 2023-24ஆம் ஆண்டில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஒரு கையால் விற்று மறு கையால் பிடிக்கும் இந்த முரண்பாட்டை நாம் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். மதுக்கடைகளைக் குறைக்கக் கோரும் குரல் நம் பங்குகளிலிருந்து ஓயக் கூடாது.

ஆனால் அந்தக் குரல் வெற்றி பெறும்வரை இன்றிரவு சாலையில் இருப்பவரை யார் காப்பது? அதிகாலையில் கோயம்பேடு சந்தைக்குப் பூ வாங்கச் செல்லும் பெண் இருக்கிறார். நூறடிச் சாலையைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் இருக்கிறார். இரவுப் படப்பிடிப்பு முடிந்து நடந்து செல்லும் தொழிலாளி இருக்கிறார். மதுவிலக்கு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? குடிப்பவர் மனம் மாற வேண்டும் என்று மன்றாடுவதும், அவர் மாறும்வரை அவர் கையிலிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டும் ஒரே அன்பின் செயல்கள். அதே வேளையில், வழியை முன்பே வகுத்துக்கொள்ளவும் இயலாத அளவுக்கு மதுவுக்கு அடிமையானவருக்குத் திட்டம் போதாது, சிகிச்சை வேண்டும். 1980 முதல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் இந்தப் பணியைச் செய்து வருகிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரத்திலிருந்து தொடங்கிய பணி அது. குடியைக் கைவிட விரும்புவோர் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் நம் நகரில் நடைபெறுகின்றன. இத்தகையோரை அங்கே அழைத்துச் செல்வதும் நமது கடமை.

பின்னிருக்கையில் அமர்பவர்

இப்போது நாம் தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். உடன் வருபவர் குற்றவாளியா?

திருமண வரவேற்பு முடிகிறது. மண்டபத்தின் பின்புறமோ, அருகிலுள்ள ஓட்டல் அறையிலோ நண்பர்களுக்கென்று தனியாக நடந்த ‘விருந்தில்’ கணவர் குடித்துவிட்டு வருகிறார். மனைவிக்குத் தெரிகிறது. கையில் குழந்தை. ஊராரும் உறவினரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘நான் இந்த வண்டியில் ஏற மாட்டேன்’ என்று அவர் சொன்னால் அங்கேயே சண்டை, வீட்டில் அடி. ஆட்டோவுக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. அவர் ஏறி அமர்கிறார். பிரிவு 188 அவரையும் துணை நின்றவர் என்று சொல்லக்கூடும். நம் மனச்சான்று அப்படிச் சொல்லுமா?

துணை நின்றவர்கள் வேறு யாரோ. ஊற்றிக் கொடுத்தவர்கள், ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்தியவர்கள், ‘பார்த்துப் போ மச்சான்’ என்று கையசைத்து வழியனுப்பியவர்கள். அந்தப் பெண்ணின் நிலையைக் கண்டும் காணாததுபோல் பந்தியில் அமர்ந்திருந்த உறவினர்கள். வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது, இந்தக் காட்சி நமது கிறிஸ்தவக் குடும்ப விழாக்களில் குறைவாக நடப்பதில்லை. திருமணம் மட்டுமல்ல, திருமுழுக்கு விருந்திலும் புதுநன்மை விருந்திலும்கூட மது பரிமாறுவது கௌரவம் ஆகிவிட்டது. கானாவூர்த் திருமணத்தைச் சான்று காட்டுபவர்களும் உண்டு. கானாவில் விருந்தினரின் தேவையை அன்னை மரியா முன்கூட்டியே கவனித்தார் என்பதையும் அவர்கள் நினைக்க வேண்டும். நம் விருந்தில் தீர்ந்துபோகும் பொருள் எது? விருந்தினர் பத்திரமாக வீடு சேர வேண்டும் என்ற அக்கறையே தீர்ந்துபோகிறது.

ஜப்பானில் 2006 ஆகஸ்டில் புகுவோகா நகரில், மது அருந்திய ஒருவர் ஓட்டிய கார் மோதியதில் மற்றொரு கார் பாலத்திலிருந்து கடலில் விழுந்து மூன்று சிறு குழந்தைகள் இறந்தனர். நாடே அழுதது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. குடித்தவருக்கு வண்டி கொடுப்பவர், ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் மது கொடுப்பவர், தெரிந்தே உடன் பயணிப்பவர் என அனைவருக்கும் தண்டனை வகுக்கப்பட்டது. பின்னிருக்கையில் அமர்பவரோடு அது நிற்கவில்லை, ஊற்றிக் கொடுத்தவரையும் சேர்த்துக் கேட்டது. காயினிடம் இறைவன் கேட்ட கேள்வி (தொநூ 4:9) ஒரு நாட்டின் சட்டத்தில் எதிரொலிப்பது போல் இருக்கிறது.

அமெரிக்காவில் 1988இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுநலப் பள்ளி வேறொரு முயற்சியைத் தொடங்கியது. நண்பர் குழுவில் ஒருவர் அன்று குடிக்காமல் இருந்து மற்றவர்களை வீட்டில் சேர்க்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பரப்ப, தொலைக்காட்சித் தொடர்களை எழுதுபவர்களை அது நாடியது. பல தொடர்களில் கதைமாந்தர்கள் ‘இன்று யார் குடிக்காமல் இருக்கப் போகிறீர்கள்?’ என்ற பொருளில் பேசத் தொடங்கினார்கள். வடபழனியும் கோடம்பாக்கமும் தமிழ்த் திரைப்படங்களும் தொடர்களும் பிறந்த மண். நம் படங்களில் நாயகன் குடிக்கும் காட்சியின் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் ஓடுகிறது. அடுத்த காட்சியில் அவனே வண்டியில் பறக்கிறான். அந்தக் காட்சியில் அவன் நண்பன் சாவியை வாங்கி ஆட்டோவை அழைப்பதாக எழுதினால் கதைக்கு என்ன குறை வந்துவிடும்? இத்துறையில் பணிபுரியும் நம் பங்கு மக்கள் இதைச் சிந்திக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. புறப்படும் முன் முடிவு செய்வோம். மது பரிமாறப்படும் இடத்திற்குச் செல்பவர் வண்டியை வீட்டிலேயே விட்டுச் செல்லட்டும். மெட்ரோவில் திரும்புவதாக இருந்தால் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்து வைப்போம். ரயில் நிலையத்திலிருந்து தொலைவில் வாழ்பவர்கள், ஆட்டோவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைப்போம். அந்தச் சில நூறு ரூபாய், அபராதமான பத்தாயிரத்திற்கு முன்னும் ஓர் உயிருக்கு முன்னும் ஒன்றுமே இல்லை.

2. நண்பர் குழுவில் ஒருவர் அன்று குடிக்காதிருப்பார் என்று முறை வைத்துக்கொள்வோம். குறைவாகக் குடித்தவர் ஓட்டட்டும் என்பது முறையல்ல. ஒரு சொட்டும் தொடாதவர் ஓட்டட்டும். அவரைக் கேலி செய்யாமல் மதிப்போம்.

3. விருந்து அளிப்பவர்கள் மதுவைத் தவிர்ப்பதே சிறந்தது. நம் மகிழ்ச்சிக்கு அது தேவையில்லை. மற்றவரை இடறிவிழச் செய்யும் எதையும் உண்ணாமலும் குடிக்காமலும் இருப்பதே நல்லது என்று திருத்தூதர் பவுல் கற்பிக்கிறார் (உரோ 14:21). தவிர்க்காதவர்கள், திருமணச் செலவுக் கணக்கில் பந்தலுக்கும் பூவுக்கும் எழுதுவதுபோல், விருந்தினரை வீடு சேர்க்கும் வண்டிக்கும் ஒரு வரி எழுதட்டும்.

4. பெண்கள் கையில் ஆட்டோவுக்குரிய பணமும், அழைக்க ஓர் எண்ணும் எப்போதும் இருக்கட்டும். ‘உங்களை நாங்கள் கூட்டிச் செல்கிறோம்’ என்று சொல்லும் துணிவு உறவினருக்கும் அன்பியத் தோழியருக்கும் வேண்டும். அவர் மறுத்துப் பேச வேண்டிய சுமையை அவர்மேல் மட்டும் போடலாகாது.

5. பங்குப் பேரவையும் அன்பியங்களும் ஒன்றைச் செய்யலாம். ஒவ்வொரு பங்கிலும் ஆட்டோ, வேன் ஓட்டும் சகோதரர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு, பங்குத் திருவிழா இரவுகளில் நியாயமான கட்டணத்தில் வர இசைவோரின் பட்டியலை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அவர்களுக்கு அது வருமானம், மக்களுக்கு அது பாதுகாப்பு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து திரும்பும் முதியோருக்கும் அது உதவும்.

6. இளைஞர் இயக்கக் கூட்டங்களிலும் திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும் இதைப் பேசுவோம். ‘எந்த நேரமானாலும், எந்த நிலையில் இருந்தாலும் எங்களைக் கூப்பிடு, அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்’ என்று பெற்றோர் தம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கட்டும். திட்டுவதற்கு மறுநாள் காலை இருக்கிறது. பிள்ளையும் இருக்க வேண்டும்.

வேறு வழியாக

திருவழிபாட்டு ஆண்டின் கடைசி நாளன்று ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கப்படும் நற்செய்தியில், களியாட்டத்தாலும் குடிவெறியாலும் உள்ளங்கள் மந்தம் அடையாதபடி எச்சரிக்கையாய் இருக்க ஆண்டவர் நம்மை அழைக்கிறார் (லூக் 21:34). மறுநாள் திருவருகைக் காலம் தொடங்குகிறது. விழித்திருப்பதற்கான காலம் அது. விழித்திருத்தல் என்பது கண்ணை மூடாதிருப்பது மட்டுமல்ல. வரப்போவதை முன்கூட்டியே எண்ணி, அதற்குத் தக்கபடி நடப்பதும் விழித்திருத்தலே.

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து புத்தாண்டும் பிறந்தபின் திருக்காட்சிப் பெருவிழா வருகிறது. பெத்லகேமில் குழந்தை இயேசுவை வணங்கிய ஞானிகள், ஏரோதிடம் திரும்ப வேண்டாமென்று கனவில் எச்சரிக்கப்பட்டு, வேறு வழியாகத் தம் நாட்டிற்குத் திரும்பிச் சென்றனர் (மத் 2:12). எச்சரிக்கையைக் கேட்டவுடன் அவர்கள் வழியை மாற்றினார்கள். பழகிய பாதையை விட்டு மற்றொரு பாதையில் செல்வது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனால் ஒரு குழந்தையின் உயிர் அதில் அடங்கியிருந்தது.

நாம் வீடு திரும்பும் வழியிலும் யாரோ ஒரு குழந்தையின் உயிர் அடங்கியிருக்கிறது. அது நம் வண்டியிலேயே அமர்ந்திருக்கலாம், எதிரே வரும் வண்டியில் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். நம் விழாக்களின் மகிழ்ச்சி எந்த வீட்டின் அழுகையாகவும் மாறாதிருக்க, எல்லாம் வல்ல இறைவன் நமக்குத் தெளிந்த மனத்தையும் பிறர்மீது உண்மையான அக்கறையையும் அருள்வாராக.